வெளிச்சத்தில் பார்த்ததாகப் போட்ட கையெழுத்து

கையில் ஒரு கால்சட்டையை வைத்துக்கொண்டு, கார்மென்ட்ஸ் வாசலில் விடிவதற்காக நின்றேன். மணி ஆறேகால். ஆறே முக்காலுக்கு லொறி கிளம்பிவிடும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆறு வருடம் தையல் மெஷினில் இருந்து, அப்போதுதான் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கர் ஆகியிருந்தேன். மார்கழி, தையில் ஹந்தானைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து இருட்டில் இறங்கி, இருட்டில்தான் திரும்ப ஏறுவேன். நடுவில் இருந்த பகலெல்லாம் டியூப் லைட்தான்.

டியூப் லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் புது நூல் கோன் மாற்றினால், முதலில் தைத்த உருப்படியைப் பின்கதவுக்குக் கொண்டுபோய்ப் பகலில் நிறம் பார்க்க வேண்டும். பிறகுதான் அந்தக் கோனுக்கான அட்டையில் ‘பகல் வெளிச்சம்’ என்ற கட்டத்தில் கையெழுத்து.

முந்தின நாள் கோன் மாறும்போது மாலை ஐந்தரை. மழை இருட்டு. லைன் லீடர் ஸ்டெல்லா அக்காவிடம், “காலையில பாப்போமா அக்கா?” என்றேன்.

“காலையில லொறி போயிரும். நீ சூரியனுக்குக் காத்திருப்ப, சரக்கு வாங்குற பையர் காத்திருப்பானா? போடு புள்ள.”

போட்டேன். வீட்டுக்குப் போயும் அந்தக் கையெழுத்துதான் கண்ணில் நின்றது. முதல் பஸ்ஸில் வந்து, பெட்டி கட்டும் பெக்கிங் பகுதியில் ஒரு உருப்படியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஒரே பனிமூட்டம். காவலுக்கு இருந்த செல்வம் அண்ணன், “என்னா தங்கச்சி, கால்சட்டைக்குச் சூரிய நமஸ்காரமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறரைக்குப் பெட்டிகள் ஏறத் தொடங்கின. நிறம் இன்னும் பிடிபடவில்லை. ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன்.

“லொறிய நிறுத்துங்க அக்கா.”

“நூல் தப்பா?”

“தெரியல.”

“தெரியாமயா நிறுத்தச் சொல்ற? கையெழுத்து உன்னோடது.”

“பாக்காம போட்டது அக்கா. மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். வேல போனா போகட்டும்.”

“கால் மணி நேரம். அதுக்கு மேல போனா என் வேலயும் போயிரும்” என்று சொல்லிவிட்டு அக்கா லொறிக்காரரிடம் போனார்.

ஆறு ஐம்பதுக்கு மூட்டம் விலகி வெயில் விழுந்தது. கருநீலத் துணியில் கறுப்புத் தையல்.

பெட்டிகளை இறக்கி, அன்று முழுக்கப் பிரித்துத் தைத்தோம். மேனேஜர் திட்டினார், எழுதி வாங்கினார். வேலை போகவில்லை.

இப்போது மார்கழி, தை மாதங்களில், மாலைக்கு வேண்டிய கோன்களை மூன்று மணிக்கே பின்கதவில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். புதிதாக வரும் செக்கர்களுக்கு நான் சொல்வது, பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, தப்பு நிச்சயமாகட்டும் என்று காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

அந்த மார்கழியில் வேலை நாளொன்றில் நான் வெளியே நின்று பார்த்த வெயில் அவ்வளவுதான். அதிலும் தையலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.