அபிஷேகத் தண்ணீர்

எண்பதுகளில் மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் நான் நர்ஸாக இருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். போளூர்க்காரி. சென்னையில் சமயவியல் எம்.ஏ. படித்துக்கொண்டு, மலைத் திருவிழாவை ஆராய வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு ஊருக்கும் ஒரே கிணறுதான். திருவிழாவில் எந்த ஊர்ச் சாமி முதலில் புறப்படுவது என்ற சண்டையில் கிணற்றைத் தூர்வாராமல் விட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. நான் கெஞ்சியும் யாரும் அசையவில்லை.

ஊர்க்கூட்டத்தில் ஊர்த்தலைவரான கவுண்டர் அவளை மடக்கினார். "சாமியப் பத்திப் படிக்கிறியேம்மா, எந்த ஊரு சாமி பெருசு? நீயே சொல்லு."

அவள் சிரித்தாள். நேராகப் போய் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடம் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். கலங்கி நாறியது.

"பெரிய சாமிக்கு இத அபிஷேகம் பண்ணலாங்களா?"

கவுண்டர் பதறி எழுந்தார். "வாணாம்மா! டேய், இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? மம்பட்டிய எடுத்தாங்கடா!"

பொழுது சாய்வதற்குள் இரண்டு ஊர் ஆண்களும் சேற்றில் நின்றார்கள்.

ஜீப்பில் மலையிறங்கும்போது அவளிடம் கேட்டேன். "இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?"

"இல்லீங்க சிஸ்டர். அவரு 'ஊத்து'ன்னு சொல்லியிருந்தா இன்னா பண்றதுன்னு எனக்கே தெரியாது."

அவ்வளவு உறுதியாக நின்றவளா இவள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.