இரண்டு தடவை அழிந்த லேப்டாப்

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருக்கும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அதற்குக்கூட நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. பன்னிரண்டாவது வயதில், ஆயுத பூஜையன்று, ஒரு லேப்டாப்பைப் பார்த்துப் பயந்தேனே, அதுதான் பயம்.

லேப்டாப் அக்காவுடையது. அக்கா உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் மகனுக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை. முறைக்கு எங்களுக்கு மச்சான். அவர்தான் யாரோ கழித்துவிட்ட லேப்டாப் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தார். கொடுத்த அன்று அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சும்மா கிடைத்ததால் வந்த சிரிப்பு என்று நினைத்தேன்.

அக்கா அதை யாரையும் தொட விடமாட்டாள். எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் விளையாடச் சலுகை உண்டு. கார் ஓட்டும் விளையாட்டு. அதில் இருந்த விண்டோஸுக்கு மூச்சு வாங்கும். மூன்றாவது வளைவுக்கு வந்ததும் என் கார் அப்படியே நின்றுவிடும். நான் ஒரு நாளும் நாலாவது வளைவைக் கண்டதில்லை. ஆனால் ராகலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், இதைவிடக் கிழட்டு மெஷின்களில், அதே விளையாட்டு தண்ணீராக ஓடியது. கம்ப்யூட்டர் படிப்பிக்கும் சேர் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார்.

"விண்டோஸ் இந்த மாதிரி மெஷினுக்குப் பாரம். இதப் போட்டா பறக்கும்" என்றார். நச்சரித்து ஒரு பென் டிரைவில் அதையும் அந்த விளையாட்டையும் வாங்கிக்கொண்டேன். "வீட்டுல பெரியவங்கள வச்சுக்கிட்டுத்தான் செய்யணும்" என்றும் சொன்னார். அது என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

பூஜையன்று அப்பாவும் அம்மாவும் அரை நாள் வேலைக்கு மலைக்குப் போயிருந்தார்கள். அக்கா அவலும் கடலையும் வாங்க ராகலைக்குப் போனாள். நான் பென் டிரைவைச் செருகினேன். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடுவதா என்று திரை கேட்டது. பாரத்தைப் போய் யாராவது பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? அக்காவின் சாமான்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. கம்ப்யூட்டர் திருத்துகிற எவரும் சொல்கிற வார்த்தை எனக்கு மனப்பாடம்: சி மட்டும்தான் அழியும், டி-யில் உள்ளதுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வார்த்தை விண்டோஸுக்கு மட்டும் சொன்னது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அழுத்திவிட்டேன்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. விளையாட்டைப் போட்டேன். மூன்றாவது வளைவு, நாலாவது, ஐந்தாவது! முதல் தடவையாக முதலாவதாக வந்தேன். கை தட்டிக்கொண்டே டி-யைத் தேடினேன்.

டி இல்லை. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். பிள்ளைகளின் பாட்டுகள், அக்கா தட்டி வைத்த கதைகள், போட்டோக்கள், எதுவும் இல்லை. அக்கா மேட்டில் ஏறி வருகிற சத்தம் கேட்டதும் மூடிவிட்டேன்.

அன்று என்னைக் காப்பாற்றியது சரஸ்வதிதான். அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, என் புத்தகங்கள் எல்லாவற்றோடும் லேப்டாப்பையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அம்மா அதன் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எனக்கு ஒரு நாள் தவணை கிடைத்தது. ஆனால் கற்பூரம் எரியும்போது புதிதாக ஒரு பயம் வந்தது. களவாகக் கை வைத்த சாமானைக் கொண்டுபோய்ப் படிப்புக்கான சாமிக்கு முன்னால் வைத்திருக்கிறேனே! படிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, டி மட்டும் வந்துவிடட்டும் என்று கும்பிட்டேன்.

பூஜைக்கு மச்சானும் வந்திருந்தார். "வாங்க மருமகனே" என்று அம்மா உருகினாள். அக்கா தட்டை எடுப்பது போல உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. அக்காவைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"எல்லாமேவா?" என்றாள்.

"எல்லாம் போயிருச்சுக்கா."

"போட்டோவும்?"

"ஆமாக்கா."

துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்: "அழாதக்கா. மச்சான் எடுத்துக் குடுத்துருவாரு. அழிஞ்சத எடுக்குறதுதானே அவருக்குக் கடையில வேலை."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அவருகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிறாத. யாருகிட்டயும் மூச்சு விட்றாத. கேக்குதா?"

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மிலாறுக் குச்சி அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்து, அக்காவின் மேல் எனக்கு அளவு கடந்த பாசம் வந்தது.

காலைப் பூஜை முடிந்ததும் அம்மாவே கெடுத்தாள். "மருமகனே, இந்தப் பொட்டி ரொம்ப மெதுவாப் போகுதாம். போறதுக்குள்ள கொஞ்சம் பாத்துட்டுப் போங்க."

மச்சான் திறந்தார். "யாரு இதுல லினக்ஸ் போட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வேண்டியதே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து மிலாறை உருவினாள். மச்சான் குறுக்கே கையை நீட்டினார். "விடுங்க அத்தை. சின்னப் புள்ள. போனத நான் எடுத்துத் தர்றேன்."

"வேணாம்" என்றது அக்காவின் குரல். குசினி வாசலில் நின்றிருந்தாள். "ஒன்னும் முக்கியமானது இல்ல."

"புள்ளைங்க பாட்டெல்லாம் இருந்துச்சேடி" என்றாள் அம்மா.

மச்சான் தன் பென் டிரைவைச் செருகினார். திரையில் எண்கள் ஓடின. அம்மா வைத்த தேத்தண்ணியை அவர் தொடவில்லை. நான் சாமி படத்துக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் விரல் நின்றது. லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஒன்னும் மிஞ்சல அத்தை" என்றார். "எல்லாம் அழிஞ்சு போச்சு."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னால்தானே என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

அதோடு விட்டிருக்கலாம். "இத இன்னொரு தடவ முழுசா அழிச்சிட்டுத்தான் போடணும்" என்றார் மச்சான். நான் அரை மணி நேரத்தில் முடித்த வேலைக்கு அவர் மூன்று மணி நேரம் எடுத்தார். பகல் பஸ்ஸும் போய்விட்டது. யாரையும் பக்கத்தில் விடாமல், நூற்றுக்கு இத்தனை என்று ஏறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பது போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் மறுபடியும் அதே லினக்ஸ், அதே கார் விளையாட்டு. "இனி ஒரு பயமும் இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு அவர் வரவில்லை. மகன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று மாமா சொல்லியனுப்பினார். அப்படி ஒரு பேச்சு எங்கள் வீட்டில் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா மாமாவோடு ஒரு வருடம் பேசவில்லை. அதற்குப் பிறகு அக்கா உடப்புசல்லாவையைச் சேர்ந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆயுத பூஜைக்கு முன்பே முன்பள்ளிப் பயிற்சியில் பழக்கமானவராம். வீட்டில் பெரிய சண்டை நடந்து, அப்பா இறங்கிவந்து, ஒருவழியாக நடந்த கல்யாணம்.

இப்போது நானும் ஹட்டனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் திருத்துகிறேன். போன மாதம் ஒரு டீச்சர் வந்தார். அவருடைய மகன், விளையாட வேண்டும் என்று எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் போட்டிருந்தான். மீட்கும் புரோகிராமை ஓட விட்டேன். முன்னால் வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் அழிந்துபோன போட்டோக்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. டீச்சர் சந்தோஷத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என்னைப் போல ஒரு தடவை போட்டால் பெரும்பாலும் எதுவும் அழிவதில்லை. டி-யில் இருந்தவை இருந்த இடத்திலேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. கடை வைத்திருக்கும் எவராலும், மச்சானாலும், எடுத்துவிட முடியும். அந்தப் போட்டோக்களை யாராலும் எடுக்கவே முடியாதபடி அழிக்க வேண்டுமென்றால், தலையிலிருந்து கால் வரை மேலே எழுதி நிரப்ப வேண்டும். அந்த லேப்டாப்புக்கு அது மூன்று மணி நேர வேலை.

நான் போட்டது பிழை என்றுதான் மச்சான் திரும்பப் போடுகிறார் என்று நினைத்து, அந்த மூன்று மணி நேரமும் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் கோபமாக உட்கார்ந்திருந்தேன்.