சோளத்தட்டு நிறத்தில் ஒரு உள்ளான்

என் பறவைக் கையேட்டில், குளத்துச் சேற்றில் மேயும் உள்ளான்கள் வரும் பக்கத்தில், ஒரு துணித்துண்டு இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஓரம் பிசிறு தட்டாமலிருக்க நெளிநெளியாகக் கத்தரித்தது. நிறம், காய்ந்த சோளத்தட்டு. வெயிலில் பிடித்தால் கொஞ்சம் மஞ்சள் தூக்கும், நிழலில் பிடித்தால் கொஞ்சம் செம்மண் தூக்கும். பக்கக்குறிக்கு வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லி வைப்பேன். அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் லேப் அக்காவின் முகம் நினைவுக்கு வந்துவிடும். பிறகு முழுக்கதையையும் சொல்லாமல் விடமாட்டேன்.

அவருக்கு அந்தப் பெயர் வைத்தது எங்கள் பறவை பார்க்கும் குழு. அவிநாசிப் பக்கம் அவருடைய தாய்மாமன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். வேதியியல் படித்துவிட்டு அதே பட்டறையின் லேபைப் பார்த்துக்கொள்கிறார் அக்கா. வெளிநாட்டுக்காரன் ஒரு நிறத்தைக் காட்டி இதேதான் வேண்டும் என்பான். அதைத் துளி ஏறாமல், துளி இறங்காமல் சின்னத் துணியில் முதலில் வரவழைத்துக் காட்டவேண்டும். வெள்ளை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் அவர் பல வெள்ளைகளைப் பிரித்து வைப்பார். அந்தக் கண்ணோடு குளத்துக்கு வந்தால் என்ன ஆகும்? நான் கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த காலம் அது. தூரத்தில் பறக்கும் பருந்தைப் பார்த்ததும் பெயரைக் கத்திவிடும் அவசரக்காரி நான். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பார். நான் நாலு பெயர் சொல்லி முடித்த பிறகு, "அது நம்மூட்டுக் கருடன் அம்மணி" என்பார். அதில் கிண்டல் இருக்கும், குத்தல் இருக்காது.

குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை, வாட்ஸ்அப்தான். சூலூரில் ஒருவர், சென்னிமலை அடிவாரத்தில் ஒருவர், ஈரோட்டில் ஒரு பல் டாக்டர், இன்னும் அங்கங்கே சிலர். மார்கழிப் பனி இறங்கினால் எங்கள் எல்லோருக்கும் கிறுக்குப் பிடிக்கும். அன்னூர் மேட்டுக்காட்டின் மேல் பூனைப்பருந்து தாழப் பறக்கிறது என்று ஒரு செய்தி வரும். இன்னொரு குளத்தில் வரித்தலை வாத்துகள் இறங்கியிருக்கின்றன என்று வரும். வகுப்பு, வேலை, விருந்து எல்லாம் பின்னால் போய்விடும். எங்களுக்கு ஒரே ஒரு வழக்கம்தான் சட்டம் மாதிரி. அபூர்வப் பறவை என்று அறிவித்தவர், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்குக் கரையில் நிற்கவேண்டும். கடைசி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை நகரக்கூடாது. பல்லாயிரம் மைல் பறந்து வந்த பறவைக்கு நாம் செய்கிற மரியாதை அது என்பார் பல் டாக்டர். பெட்ரோல் போட்டு வருகிறவனுக்குச் செய்கிற மரியாதையும்தான்.

ஒரு மார்கழிச் சனிக்கிழமை காலை அப்படி அறிவித்தவர் லேப் அக்கா. பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குளம். பேதை உள்ளான் கூட்டத்தில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவை பனிக்காலச் சாம்பல் உடம்பும் வெளுத்த வயிறுமாக மேய, இதற்குத் தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரே சீராகச் சோளத்தட்டு நிறம். கையேட்டைப் புரட்டினால் அமெரிக்கக் கண்டத்து உள்ளான் ஒன்றின் படம் அப்படியே பொருந்தியது. வழி தவறி இந்தப் பக்கம் எப்போதாவது வரும் பறவை. எங்கள் வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், பார்த்தேன், "அதேதாங்க்கா" என்று குதித்தேன். அக்கா எடுத்த படம் குழுவில் ஏறியது. மதியத்துக்குள் சேலத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் மறுநாள் விடிய வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. எத்தனையோ குளிர்காலமாகக் காத்திருந்தவர். இனி அந்தப் பறவையின் பெயரோடு அவர் பெயரும் இருக்கும்.

மாலையில் அவசர வேலை என்று அவர் பட்டறைக்குப் போக, நானும் ஒட்டிக்கொண்டு போனேன். லேபில் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. வெளிச்சம் மாறாமல் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டி. அதற்குள் அன்றைய ஆர்டருக்கான துண்டுகளை வரிசையாக வைத்திருந்தார். வாங்குகிறவன் அந்த நிறத்துக்குப் பாலைவன மணல் என்று ஏதோ பெயர் வைத்திருந்தான். நான் போனில் பறவைப் படத்தைத் திறந்து, எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பெட்டிக்குள் பார்த்தார். மறுபடி போனை வாங்கிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். எங்கள் அபூர்வ உள்ளானை அல்ல. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற நெடுங்கால் உள்ளானை. குளத்துக்குப் போனால் கணக்கில்லாமல் நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்காத பறவை அது. வயிறு பால்வெள்ளையாக இருக்கவேண்டும்.

"போன் காட்டற கலரை நம்பக்கூடாது" என்றார். படத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டு, "ஆனா வெள்ளையா இருக்கவேண்டிய எடம் வெள்ளையா இல்லீன்னா நம்பித்தான் ஆகோணும்" என்றார். நெடுங்காலனின் வயிற்றில், தண்ணீர் தொடும் மட்டத்தில், கோடு போட்ட மாதிரி ஒரு மங்கல். பெட்டிக்குள் இருந்த துண்டுகளின் அதே நிறம். எங்கள் அபூர்வப் பறவைக்கும் நிறம் ஒரு நேர்கோட்டில் முடிந்திருந்தது. முதுகுப்புறம் மற்ற பேதை உள்ளான்களின் அதே சாம்பல். வேட்டியை நனைத்து எடுத்தால் எதுவரை நனைந்ததோ அதுவரை தெரியுமே, அப்படி. உலகத்தில் வேறெந்த ஊரில் ஒரு உள்ளான் இப்படி ஏமாற்றியிருக்கும்? சாதாரணப் பறவையைச் சாயம் முக்கி அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஊர் எங்களுடையது.

இருட்டுவதற்குள் இருவரும் பட்டறைக்குப் பின்னால் ஓடிக் குளத்தில் சேரும் பள்ளத்துக்குப் போனோம். சுத்திகரிப்புக்குப் போகும் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போய், தண்ணீர் சத்தமில்லாமல் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கையோடு கொண்டுவந்திருந்த துணித்துண்டைத் தண்ணீருக்கு அருகில் பிடித்தார். இரண்டும் ஒரே நிறம். நான்தான் அவசரமாக வழி சொன்னேன். தப்பாக அடையாளம் கண்டுவிட்டோம் என்று குழுவில் ஒரு வரி போட்டுவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், மாமாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அது நடந்தும் இருக்கும். அடையாளம் தவறுவது சகஜம், எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். அக்கா குழாயையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "பறவைய மட்டும் திருத்திப்போட்டுத் தண்ணிய உட்டுட்டா, அப்பறம் நாம என்னத்தைத்தான் பாத்தோம் அம்மணி?"

பட்டறைக்குத் திரும்பியபோது மாமா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா இல்லாத அக்காவைப் படிக்க வைத்தவர். அக்கா கழுத்தில் தொங்கிய பைனாகுலரே அவர் ஒரு தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்ததுதான். குழாய் விஷயம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆர்டர் போகட்டும், மிஷினை நிறுத்தினால் சரக்கு நின்றுவிடும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு வெடியக் கரைமேல நான் நிக்கோணுங்க மாமா. வர்றவங்க கேப்பாங்க. கேட்டா சொல்லிப்போடுவனுங்க." மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "நான் வாங்கிக் குடுத்த பைனாகுலர்லயே என்னையப் பாக்கறியா கண்ணு" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கியது. இதைப் பேசியே ஆகவேண்டிய ஆளும், பேசவே முடியாத ஆளும் அவருக்கு ஒருவர்தான்.

மறுநாள் காலை பனி விலகாத கரையில் அக்கா நின்றார். குழுவில் இரவே எழுதிவிட்டார், இது பேதை உள்ளான்தான், மேலே ஏறியிருப்பது சாயம் என்று. ஆனால் பலர் அதைப் பார்க்காமலே கிளம்பியிருந்தார்கள். பார்த்தவர்களும் நம்பவில்லை. வழக்கப்படி அவர் நிற்கத்தான் வேண்டுமா? அபூர்வப் பறவையே இல்லையே. என்னைக் கேட்டால் நான் போர்வைக்குள் ஒளிந்திருப்பேன். அவர் நின்றார். ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் தானே முன்னால் போய், பறவையைக் காட்டி, நெடுங்காலனின் வயிற்றைக் காட்டி, துணித்துண்டைக் காட்டி, "எங்கூட்டுப் பட்டறைத் தண்ணிதானுங்க, என்ற மாமன் பட்டறை" என்றார். ஒருவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். மச்சினன் வீட்டுக் காதுகுத்தை விட்டுவிட்டு வந்த பல் டாக்டர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங்க, பல்லுக்குத்தான் கறை எடுத்துப் பழக்கம், இதுக்கு நான் என்ன பண்றதுங்க?" பிறகு அவர் தொலைநோக்கியை நிறுத்தி ஒவ்வொரு பறவையின் வயிற்றையும் பார்க்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. வரிசையாக நின்று வயிறுகளைப் பார்த்தார்கள்.

வெயில் ஏறியபோது ஒரு டிவிஎஸ் வண்டி கரையோரம் நின்றது. மாமா. இறங்கித் தள்ளியே நின்றார். அவர் யாரென்று தெரியாத பல் டாக்டர், ஊர்க்காரர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையசைத்துக் கூப்பிட்டார். "வாங்க, நீங்களும் பாருங்க. உங்க ஊர்க் குளமுங்க." அக்கா திரும்பவில்லை. மாமா வந்தார், வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார், தொலைநோக்கியில் கண் வைத்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை. தன் பட்டறையில் ஏறிய நிறத்தை இனங்காண அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்தார். நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று பகலிலேயே மிஷின்கள் நின்றன, மூட்டு மாற்றும்வரை ஓடவில்லை. சரக்கு தாமதமாகத்தான் போனது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா அக்காவிடம் நிறத்தைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குக்கூட அத்தையை அனுப்பினார். அக்காவும் லேபை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒவ்வொரு வாரமும் பள்ளத்தைப் போய்ப் பார்த்தார், பார்ப்பதை மாமாவுக்குத் தெரியும்படியே பார்த்தார். இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். மழை முடிந்ததும் மாமாவே ஆளைவிட்டுக் குழாய் முழுக்கச் சோதிக்கச் சொல்கிறார் என்று அத்தை சொன்னார். கரைக்கு மட்டும் மாமா வருவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் அந்த அமெரிக்க உள்ளானை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. நான் படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தும், இன்னும் தூரத்துப் பருந்தைப் பார்த்துப் பெயரைக் கத்துகிறேன். அபூர்வங்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஆனால் இந்தப் பனிக்காலத்தில் நான் முதலில் போனது அவிநாசிப் பக்கத்துக் குளத்துக்குத்தான். லேப் அக்கா எனக்கு முன்பே கரையில் இருந்தார். பேதை உள்ளான்கள் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தன, நடுவில் நெடுங்காலன்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் குழுவில் கேட்டிருந்தார், இன்று குளத்தில் விசேஷமாக ஏதாவது உண்டா என்று. நான் கையேட்டைத் திறந்து, அன்று அக்கா என்னிடம் கொடுத்த துணித்துண்டை எடுத்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்த வயிற்றோடும் அது சேரவில்லை. "சேருதா அம்மணி?" என்றார் அக்கா, பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல். இல்லை என்றேன். அவர் போனை எடுத்துப் பதில் எழுதினார்: "விசேஷம் ஒண்ணுமில்லீங்க. எல்லாம் வெள்ளை."