கறுப்புத் திரை வழியே போன வீடு

சுனாமியில் வீடிழந்தவர்கள் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று கொழும்பில் ஓர் உதவி நிறுவனம் முடிவு செய்தது. கடல் கரண்டுக் கம்பங்களையும் கொண்டுபோனது அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலும். வலைப்பக்கம் நிறையச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். எங்கள் தொலைபேசி இணைப்பில் அந்தப் பிள்ளைகள் திரையில் நெற்றிவரை இறங்குவார்கள். பிறகு லைன் அறுந்துவிடும்.

அந்த நிறுவனத்தின் மட்டக்களப்புக் கிளையில் நான் கணினி பார்க்கிறவன். பக்கத்தைத் திறக்காமலே, கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளையாக விண்ணப்பம் அனுப்பப் பழகிக்கொண்டேன். பெயர் இது, ஊர் இது, படம் இந்தக் கோப்பு என்று தட்டிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும்.

பனிச்சங்கேணியிலிருந்து ஓர் அக்கா புருசனோடு வந்தார். கடல் கொண்டுபோனது தாய் அவருக்குச் சீதனமாக எழுதிய வீடு. நாளைக்கு மகளுக்குப் போகவேண்டியது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் கலியாணம் கட்டிக்கொண்டு வந்து குடியிருப்பான். வலைப்பக்கத்திலோ உரிமையாளராகத் தெரிவு செய்ய இருந்தவை கணவன், தகப்பன், மகன்.

"அண்ணன்ட பேரைப் போடட்டா?" என்றேன்.

புருசன் பதறிப்போனார். "என்ட பேரிலயா? ஊரே சிரிக்கும் தம்பி. நான் அவட வீட்டுக்கு வந்த ஆள்."

"அம்மா எனக்குத் தந்த வீடு வளவு அது. என்ட பேரில இல்லாட்டி வீடே வேணாம்," என்ற அக்காவின் குரல் உடைந்தது. அந்த வலைப்பக்கத்தின் மேல் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

கட்டளையில் 'மனைவி' என்று தட்டினேன். ஏற்காது என்றுதான் நினைத்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது! காவலெல்லாம் வலைப்பக்கத்தில்தான், உள்ளே பார்க்க ஆளில்லை. றோட்டில் ஆமி சென்றிக் காவல் போட்டுவிட்டு வாவிப் பக்கத்தை மறந்த மாதிரி.

அவசர உதவி என்றார்கள். நாட்டில் சண்டை மறுபடி தொடங்கி முடிந்த பிறகு வீடு வந்தது. சாவி கொடுக்க வந்த அதிகாரியின் கடிதத்தில் அக்காவின் பெயருக்கு முன்னால் 'திரு'. உரிமையாளர் ஆணாகத்தான் இருப்பார் என்று கணினி தானே போட்டுக்கொண்டது.

"இந்த ஐயாவைக் கூப்பிடுங்க," என்றார் அதிகாரி.

"நான்தான்," என்றார் அக்கா.

அதிகாரி கடிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுச் சாவியை அக்காவிடமே நீட்டினார். "கொம்பியூட்டரில ஏறினதை மாத்த ஏலாது."

இதே வசனத்தைச் சொல்லி எத்தனையோ பேரை அலையவிட்டதைக் கண்டிருக்கிறேன். முதல்தடவையாக அது ஒருவருக்கு உதவியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசல் பலகையிலும் 'திரு' என்றே எழுதியிருந்தார்கள். அழித்துத் தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"கை வைக்காத தம்பி," என்றார். "மகளுக்கு எழுதிக் குடுக்கும் மட்டும் நான் ஐயாவாவே இரிக்கிறன்."