இருநூற்றிப் பன்னிரண்டு கிராம்

ஒரு பழைய பால்மா டின் வெறுமையாக எத்தனை கிராம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். இருநூற்றிப் பன்னிரண்டு, மூடியோடு. இந்த ஓகஸ்டில் லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் நானே வைத்துப் பார்த்தேன்.

சாதாரண மனிதர் இப்படிச் செய்வதில்லைதான். ஆனால் ரோட் சைக்கிள் ஓடுகிற எல்லாருக்கும் ஒரு வருத்தம், ஒரு நோய், இருக்கிறது. கிராம் வருத்தம். முப்பது கிராம் குறையும் என்பதற்காகக் கார்பன் போத்தல் கூடு வாங்கிப் பூட்டுவோம், அதே கிழமை மூன்று கொத்துரொட்டி சாப்பிடுவோம். பயணத்துக்காகத் தன் டூத்பிரஷ்ஷைப் பாதியாக முறித்த ஒருத்தனை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பயணம் பிரான்ஸுக்கு. என்னோடு யூனிவர்சிட்டியில் படிக்கிற, லண்டனின் மறுபக்கத்து மோர்டன்காரன் ஒருவனும் நானும். ஓர்லெயான் வரை ரயில், பிறகு காட்டுக்குள்ளாலும் கால்வாய்க்கரையாலும் இரண்டு நாள் ஓட்டம். முடிவில் ஒரு சின்ன ஊர், அதில் என் பெரியம்மா வீடு. நான் பிறந்ததும் அந்த ஊரில்தான். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே மாடிக்கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குச் சாப்பாடு எந்த மாடியில் என்பதை, எங்கே மீன் பொரிக்கிற மணம் வருகிறதோ அதை வைத்து நான் முடிவு செய்வேன்.

ஐந்து வருஷத்துக்கு முந்தி நாங்கள் லண்டன் வந்துவிட்டோம். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று, எல்லாரும் வந்த மாதிரித்தான். ஆனால் அம்மா அதைப் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தமிழ்க் கடையில் யாரோ, “தங்கச்சி ஆக்கள் லண்டனுக்கு வெளிக்கிடினமாம், அப்ப நீங்கள்?” என்று கேட்டுத்தான் பெரியம்மாவுக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. கலியாணங்களில் கண்டால் இரண்டு பேரும் பந்தியின் இரண்டு முனையில் இருப்பார்கள்.

இந்த 2009இல், வன்னியில் சண்டை முடிந்த வருஷத்தில், எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று விளக்கத் தேவையில்லை. ஏப்ரலிலும் மேயிலும் நான் லெக்சருக்குப் போனதைவிடப் பார்லிமென்டுக்கு முன்னால் ரோட்டில் இருந்ததுதான் கூட. மே முடிய, எங்கள் வீட்டில் டிவி போடுவதை நிற்பாட்டினார்கள். போன் அடித்தால் யாரும் உடனே எடுக்கமாட்டார்கள். அப்படியான ஒரு நாளில் அம்மா கதிரை வைத்து ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து அந்த டின்னை இறக்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் வெளிக்கிட முதல் நாள் அம்மா மிளகாய் வறுத்தார். புகை அலாரம் கத்தியது, கதவு யன்னல் எல்லாம் திறந்து, வீடே தும்மியது. அரைத்து ஆறவிட்ட தூளை டின்னில் நிரப்பி, மூடியை இறுக்கி, என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

“அங்கை குடு.”

அங்கை. பெரியம்மா என்றும் இல்லை, அக்கா என்றும் இல்லை.

“அம்மா, பாரிஸ் முழுக்கத் தூள் விக்கிறாங்கள். ஒரு ஃபோன் போட்டால் வீட்டை வரும். நான் ஒரு கிலோவைக் காவிக்கொண்டு காடு மேடெல்லாம் ஓடோணுமோ?”

“டின்னோடை குடு. விளங்கிச்சோ? டின்னோடை.”

கொட்டிவிடும் என்று பயப்படுகிறார், நான் அப்படித்தான் நினைத்தேன். அம்மா நித்திரைக்குப் போனதும் தராசை எடுத்தேன். தூளை ஸிப் வைத்த பிளாஸ்டிக் பையில் மாற்றி, காற்றை அமுக்கி எடுத்து, இறுக்கி மூடினேன். ஒரு துளி கொட்டாது. டின்னைவிடத் திறம். இருநூற்றிப் பன்னிரண்டு கிராம் மிச்சம். டின்னைக் கொண்டுபோய்ப் பின்வளவு ஷெட்டில், புல்லு வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் வைத்துவிட்டு, உலகத்தையே வென்றவன் மாதிரிப் படுத்தேன்.

தட்டை நிலத்தில் ஓடுவது சுகம் என்று நினைக்கிறவன் தட்டை நிலத்தில் ஓடியதில்லை. மலையில் ஏறினால் பிறகு ஒரு இறக்கம் வரும், காலை ஓய விடலாம். இங்கே ஒன்றும் இல்லை. ரோட்டு நேரே போகும், தூரத்தில் ஒரு மரம் தெரியும், அரை மணித்தியாலம் கழித்தும் அதே மரம் அதே தூரத்தில் நிற்கும். முதல் நாள் முழுக்க எதிர்க்காற்று. மோர்டன்காரன் நல்ல அகலமானவன், அவனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓடினேன்.

“மச்சான், முன்னுக்கு வாடா. நான் என்ன உனக்கு மதிலோ?”

“நீ வடிவா ஓடுறாய் மச்சான், நான் பாத்துப் பழகிறன்.”

“பழகு, பழகு. இரவைக்குக் கூடாரத்துக்கு வெளியில படுத்துப் பழகு.”

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று விழுந்தது. ஓக் மரங்கள், இறகு மாதிரி இலை விரித்த பன்னம் செடிகள், ஈர மண் மணம். எங்கள் டயர்ச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மரங்களுக்கு இடையில் திடீர் திடீரென்று ஏரி வரும், அசையாத கறுத்தத் தண்ணி, கரையில் மீன் பிடிக்கிற ஆட்கள், அவர்களும் அசைவதில்லை. ஒரு ஏரியில் உடுப்போடு குதித்தோம். மிதந்துகொண்டு மேலே பார்த்தபோது, மாசக்கணக்கில் முதல் தடவையாக என் தலைக்குள் ஒரு செய்தியும் ஓடவில்லை என்று பட்டது. பட்ட உடனேயே குற்றவுணர்ச்சியும் வந்தது. ஒரு குற்றமும் செய்யாமல் ஏன் என்று கரையேறி இருந்து யோசித்தேன். மோர்டன்காரன் பிஸ்கட் தந்தான்.

இரண்டாம் நாள் கால்வாய். பச்சைத் தண்ணி, இரண்டு கரையிலும் வரிசையாக மரம், சில கிலோமீற்றருக்கு ஒரு மதகு, மதகுக்குப் பக்கத்தில் பூச்சாடி வைத்த ஒரு சின்ன வீடு. கடைசி இருபது கிலோமீற்றரும் எனக்குப் பழக்கமான பாதை. நானே முன்னுக்குப் போனேன்.

பெரியம்மா கதவைத் திறந்து, என்னை மேலிருந்து கீழே பார்த்தார். லைக்ரா காற்சட்டை, முழங்கால் வரை சேறு.

“என்ன மோனை, லண்டனில உடுப்புக்குத் தட்டுப்பாடோ? உள்ளுடுப்போடை வந்து நிக்கிறாய்?”

பிறகு கட்டிப்பிடித்தார். பிறகு மோர்டன்காரனையும். “இது ஆர்ரை பிள்ளை? நல்லாச் சாப்பிடுற பிள்ளை போல கிடக்கு. வா அப்பன்.”

சாப்பிட்டு முடிய, நான் பையைத் திறந்து தூளை எடுத்து நீட்டினேன். “அம்மா தந்து விட்டவ.”

பெரியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சைக்கிள் பையை ஒருக்கால் எட்டிப் பார்த்தார்.

“உதிலையோ போட்டுத் தந்தவ?”

“ஓம் பெரியம்மா.”

“சரி. பை எண்டால் திருப்பி அனுப்பத் தேவையில்லைத்தானே.” அவ்வளவுதான் சொன்னார். தூளை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மோர்டன்காரனுக்கு விளங்கிவிட்டது. என்னை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“டேய் லூசு, கொம்மா உதை என்னத்திலையடா தந்தவ?”

“ஒரு பழைய பால்மா டின்னிலை. பாரமெண்டு ஷெட்டில வைச்சிட்டு வந்திட்டன்.”

அவன் தலையில் கைவைத்தான். “எங்கடை வீட்டிலயும் ஒரு சட்டி இருக்கு, மாமி வீட்டுக்கும் எங்கடை வீட்டுக்கும் நடுவில ஓடித் திரியிற சட்டி. வெறுஞ்சட்டியா ஒரு நாளும் போகாது. வடை போகும், மாம்பழம் வரும். சட்டி ஆரிட்டை நிக்குதோ, அவைதான் அடுத்து வரோணும். நீ பையில குடுத்தால் என்ன அர்த்தம்? இந்தா பிடி, இனி வரத் தேவையில்லை எண்டு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டின். நான் குழந்தையாக இருந்தபோது பெரியம்மா எனக்கு வாங்கிய பால்மா. நான் பாலைக் குடித்து முடித்த பிறகு, பதினைந்து வருஷம் அந்த டின் இரண்டு மாடிக்கும் இடையில் ஏறி இறங்கியது. பலகாரத்தோடு ஏறும், வடகத்தோடு இறங்கும். அதைக் காவியதும் நான்தான், படியில் தாளம் தட்டிக்கொண்டு. நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று டின் எங்கள் பக்கம் நின்றது. அம்மா அதைத் திருப்பிக் கொடுக்காமலே பெட்டி கட்டிவிட்டார். ஐந்து வருஷம் அது அலுமாரிக்கு மேலே இருந்தது.

உள்ளே போய்ச் சொன்னேன். டின்னில்தான் தந்தவ, நான்தான் மாற்றினேன், பாரத்துக்காக.

பெரியம்மா சிரித்தார். “கொம்மாவுக்கு நல்லா வக்கீல் வேலை பாக்கிறாய். படிப்பிச்சது வீண் போகேல்லை.”

“சத்தியமா பெரியம்மா! இருநூற்றிப் பன்னிரண்டு கிராம்! நிறுத்துப் பாத்தனான்!”

“டின்னை ஆரும் நிறுப்பினமோ? வேறை பொய் இல்லையோ உனக்கு?”

உலகத்தில் ஒருத்தனும் செய்யாத மடத்தனத்தைச் செய்தால், உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். மோர்டன்காரன், “இல்லை அன்ரி, இவன் டூத்பிரஷ்ஷையும் முறிச்சவன்” என்று சாட்சி சொன்னான். பெரியம்மா அவன் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அம்மாவிடமிருந்து அழைப்பு. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“டின்னைக் குடுத்தனியோ?”

“ஓம்.”

“பாத்திட்டு என்ன சொன்னவ?”

பெரியம்மா குசினியில் நின்றார். பக்கத்தில்தான். போனை நீட்டியிருக்கலாம். ஆனால் நீட்டி என்ன சொல்வது?

“சிரிச்சவ,” என்றேன். அது பொய்யும் இல்லை.

திரும்பி வருகிற வழி முழுக்கக் காற்று முதுகில். மிதிக்காமலே ஓடியது. அவ்வளவு வேகமாக நான் ஒரு நாளும் ஓடியதில்லை, அவ்வளவு கேவலமாக உணர்ந்ததும் இல்லை. நான் குறைத்த அந்தக் கிராம் எல்லாம் எங்கேயோ ஏறி இருந்தது, தராசில் தெரியாத இடத்தில்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பையை வாங்கிக் கையை விட்டுத் துழாவினார். டின் திரும்பி வந்திருக்கிறதா, அதற்குள் என்ன இருக்கிறது என்று. நான் ஷெட்டுக்குப் போய் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மூடியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. சிலந்திக் கூட்டை விரலால் வழித்து எடுத்தார்.

“நீங்கள் ஒருக்கால் போன் எடுத்துச் சொல்லுங்கோவன் அம்மா.”

“என்னெண்டு? டின் பின்னாலை வருகுது எண்டோ?”

டின்னை எடுத்துக் கழுவி, யன்னலோரம் கவிழ்த்து வைத்தார். இரண்டு மாசம் அது அங்கேயே இருந்தது. நான் பாத்திரம் கழுவுகிற ஒவ்வொரு முறையும் அது என்னைப் பார்த்தது. போன கிழமை யூனியில் வகுப்பில்லாத ரீடிங் வீக் வருகிறது என்று சொன்னேன். அடுத்த நாள் நான் வீட்டுக்குள் நுழைய, புகை அலாரம் கத்திக்கொண்டிருந்தது.

நேற்று நிரப்பி மூடியைத் தட்டி இறுக்கும்போது அம்மா கேட்டார், “சைக்கிளோ?”

“இல்லை, பஸ்.”

“அக்காவுக்குச் சொல்லு...” என்று தொடங்கினார், பிறகு நிறுத்தினார். “ஒண்டும் சொல்ல வேண்டாம். குடு.”

இப்போது விக்டோரியா கோச் ஸ்டேஷனில் இருந்து இதைத் தட்டுகிறேன். பாரிஸ் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. டின் மடியில் இருக்கிறது.