குதிரைக்கு விழுந்த ஓட்டு

அந்தக் கட்சிக்காரன் கெடக்கறான் உடு கஸ்தூரி, உன்னைக் கேட்டா உன் செவுத்துல சின்னம் எழுதுனான்? ஆனா இந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை இருக்கே, அது எங்க நைனா வாசனைம்மா! எலெக்‌ஷன் வந்தா கும்மிடிப்பூண்டியில எங்க காலனி செவுரு பூரா அவருதான் குதிரை வரைவாரு. வாலை மட்டும் எனக்கு உடுவாரு.

எங்க எம்மெல்லே கட்சி இல்லாத ஆளு, குதிரைச் சின்னத்துல ஜெயிச்சாரு. எங்க ஊட்டுல கூழு குடிச்சிக்கினே, "இந்த எடத்துக்குப் பட்டா வாங்கித் தரேன், ஒருத்தனும் உங்களைக் கெளப்ப முடியாது"ன்னாரு.

கட்சி இல்லாதவருக்கு ஒவ்வொரு வாட்டியும் வேற சின்னமாமே! அடுத்த எலெக்‌ஷன்ல அவருக்குக் குடை, குதிரை வேற எவனுக்கோ. எம்மெல்லே காலு ஒடிஞ்சி, ஓட்டு கேக்க வர முடியாம பட்டணத்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு. நைனாதான் குதிரையை அழிச்சிட்டு குடை வரைஞ்சாரு, ஊடு ஊடா போய்ச் சொன்னாரு.

"எவன்கிட்ட துட்டு வாங்கின?"ன்னு ஜனம் அவரைக் கேட்டுச்சு. எங்கம்மாவே நம்பல. காலனி மொத்தமும் ஆசை ஆசையா குதிரைக்குக் குத்திட்டு வந்துச்சு. எம்மெல்லே தோத்தாரு, பட்டா போச்சு.

கம்பெனிக்கு எடம் எடுக்கறப்போ எங்கம்மா ஆபீசரைப் பாத்து, "எங்க எம்மெல்லேவைக் கூப்புடு, நாங்க எல்லாரும் அவரு குதிரைக்குத்தான் போட்டோம்"னு கத்துது. நைனா அது கையைப் புடிச்சி இட்டுக்கினு வந்துட்டாரு. அந்த ஓட்டெல்லாம் வேற எவனுக்கோ போச்சுன்னு சாவுற வரைக்கும் அதுகிட்ட சொல்லவே இல்ல.

எங்க ஊடு இருந்த எடத்துலதான் இப்ப கம்பெனி கேட்டு நிக்குது. என் புள்ளை அங்கதான் வாட்ச்மேனு. ஐயோ, அவனுக்கு ஷிப்டு பஸ் வந்துடும், சோறு கட்டணும், இரு வரேன்.