இரண்டு மாடி ஏறுவீர்களா?

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைப் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸ். டேட் கொடுக்கும் முன் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவீர்களா? ஏறுவேன் என்றால் ஹார்ட் தாங்கும் என்று கணக்கு.

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவிலிருந்து மீனவர் ஏழுமலை வந்தார். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் ஆறு சென்டிமீட்டர் வீங்கியிருந்தது. அனியூரிசம். வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஆபரேஷனில் அந்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு நிறுத்துவார்கள், பாரமெல்லாம் ஹார்ட்டின் மேல்தான் விழும். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

மாடி ஏறுவீர்களா என்றேன். "அதெல்லாம் ஏறிடுவேன் சிஸ்டர்" என்றார். டிக் போட்டேன்.

அவருக்கு அவசரம். ஏரியில் முறை வைத்துத்தான் வலை விடுவார்கள், அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வருவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்றார்.

அவர் ரத்த டெஸ்டுக்குப் போனதும் அவர் மனைவி என் மேஜைக்கு வந்தார்.

"எங்கூர்ல ஏது சிஸ்டர் மாடி? அவுரு ஏறி நான் பாத்ததே இல்ல. ஒரு வருசமா தோணி தள்ற கழிகூட ஊனறதில்ல. ரெண்டு தபா ஊனினா நெஞ்ச புடிச்சிக்கினு குந்திடறாரு."

நானும் பக்கத்து மீஞ்சூர்க்காரிதான். அந்தக் கரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே ஏற மாடியே இல்லை என்பது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அனஸ்தீசியா டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். டேட்டை நிறுத்தி, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ எடுத்தார்கள், பிறகு ஆஞ்சியோ. இதயத்தின் முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் அதற்காகக் கொடுக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு வயிற்றைத் திறக்க முடியாது. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வீக்கம் வெடிக்காமல் இருக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் அவர் மனைவிக்குப் போன் போடுவேன். அந்த அம்மா எடுக்கும்வரை எனக்கு உயிர் இருக்காது. அவர் பாடு வந்தது, அவர் இல்லாமலே போனது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சில மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தவர், எங்கள் இரண்டாவது மாடிக்கு லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி வந்து நின்றார்.

"இப்ப போடு சிஸ்டர் டிக்கு."

சிரித்தேன். அவர் போனபிறகும் அந்தச் சிரிப்பு நிலைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். முந்தைய வருடம் அதே கரையிலிருந்து வந்த ஒருவர் இதே ஆபரேஷனில் ஹார்ட் அட்டாக் வந்து டேபிளிலேயே போய்விட்டார். ரெக்கார்டு ரூமில் அவர் ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு மாடி: ஆமாம். கீழே என் கையெழுத்து. அந்த டிக்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, நோயாளியிடம் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். சமீபத்தில் எந்த வேலையை விட்டீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுதும் முன், கூட வந்தவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டேபிளில் போன அந்த மனிதரின் மனைவியும், நான் டிக் போட்ட அன்று என் மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.